பிணவறைச் செலவு யார் கணக்கில்?

ஒருவர் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்து இறந்தால், அந்தச் சாவு குடும்பத்துக்கு உரியது. அதே மனிதர் பூதலப்பட்டு அருகே லாரி மோதி இறந்தாலோ, பலமனேர்ப் பக்கம் தோட்டத்தில் பூச்சிமருந்து குடித்து இறந்தாலோ, திருப்பதி பஸ் நிலையத்தில் பெயர் தெரியாமல் விழுந்து கிடந்தாலோ அந்தச் சாவை அரசு எடுத்துக்கொள்கிறது. எப்படி இறந்தார், யார் காரணம் என்று பார்க்காமல் உடலை எரிக்கவோ புதைக்கவோ சட்டம் விடாது. விடக் கூடாது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அப்படி எடுத்துக்கொண்ட சாவுக்கு அரசில் செலவு செய்வது யார்?

சித்தூர், திருப்பதி ஆகிய இரண்டு மாவட்டங்களையும் வைத்துப் பார்த்தால் இதற்கு ஒற்றைப் பதில் கிடைப்பதில்லை. மரண விசாரணை என்ற பெயரில் இங்கே தனி அலுவலகம் கிடையாது, தனி அதிகாரி கிடையாது, தனி ஒதுக்கீடும் கிடையாது. வேலை நான்கைந்து துறைகளில் சிதறிக் கிடக்கிறது. துறைகளுக்கு நடுவே விழும் செலவை இறந்தவரின் வீட்டாரும், ஸ்டேஷன் கான்ஸ்டபிளும், பிணவறையில் கத்தி பிடிக்கும் கடைநிலை ஊழியரும் தாங்குகிறார்கள்.

நடைமுறை இப்படிப் போகிறது. தகவல் ஸ்டேஷனுக்கு வருகிறது. அடையாளம் தெரியாத உடல் என்றால் பெரும்பாலும் கிராம வருவாய் அலுவலர்தான் புகார் எழுதிக் கொடுப்பார். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆவது பிரிவிலும், அதற்கு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆவது பிரிவிலும் வழக்குப் பதிவாகும். எஸ்.ஐ. இடத்துக்குப் போய், ஊரார் சிலரைச் சாட்சியாக நிறுத்தி, காயங்களைப் பார்த்து எழுதுகிறார். தெலுங்கில் அதைச் சவ பஞ்சநாமா என்பார்கள். கல்யாணமாகி ஏழு ஆண்டுக்குள் இறந்த பெண் என்றால் தாசில்தாரோ ஆர்.டி.ஓ.வோ விசாரிக்க வருவார். போலீஸ் காவலில் இறந்தவர் என்றால் நீதித்துறை மாஜிஸ்திரேட் விசாரிக்க வேண்டும். புதிய சட்டம் எஸ்.ஐ.யின் அறிக்கை 24 மணி நேரத்துக்குள் மேலே போக வேண்டும் என்கிறது. பிறகு உடல் டாக்டரிடம் போகிறது.

அந்தப் பிரிவில் ஒரு வாசகம் உண்டு. வழியில் அழுகிப்போகாதபடி தட்பவெப்பமும் தூரமும் இடம் கொடுத்தால் உடலைப் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்று அது சொல்கிறது. வெயிலையும் தூரத்தையும் யோசித்துப் பார்த்த சட்டம், உடல் யாருடைய வண்டியில் போகும் என்பதைச் சொல்லவில்லை. 108 ஆம்புலன்ஸ் உயிருள்ளவர்களுக்கு. ஆகவே எஸ்.ஐ. ஒரு ஆட்டோவையோ, டிராக்டரையோ, தனியார் ஆம்புலன்ஸையோ பிடிக்கிறார். ஆளிருந்தால் வாடகையை வீட்டாரே கொடுத்துவிடுவார்கள். ஆளில்லாத உடலுக்குத்தான் திண்டாட்டம். ஸ்டேஷனின் சில்லறைச் செலவுப் பணம் பேப்பருக்கும் பெட்ரோலுக்குமே போதாது என்பதால், கூடப் போகும் ஏட்டு அக்கம்பக்கக் கடைகளில் கேட்டு வாங்குவார், இல்லையென்றால் தன் பையிலிருந்து போடுவார். போலீஸ்காரர்களிடம் பேசிப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல.

பிணவறை வாசலில் அடுத்த செலவு காத்திருக்கிறது. ஆந்திரத்திலும் தமிழகத்திலும் பல அரசு மருத்துவமனைகளின் கேட்டுக்கு எதிரே ஒரு சின்னக் கடை இருக்கும். காடா துணி, பாலிதீன் ஷீட், பஞ்சு, ஒரு ஜோடி கையுறை, பினாயில், கற்பூரம், ஊதுபத்தி என்று பட்டியல் சொல்லி வாங்கி வரச் சொல்வார்கள். கடைக்காரருக்குப் பட்டியல் மனப்பாடம். அழுதுகொண்டு வருகிறவர் வாய் திறக்கும் முன்பே துணியை அளந்து கிழித்துவிடுவார். உள்ளே டாக்டர் மேற்பார்வை பார்ப்பார், எழுதுவார். உடலைத் திறப்பதும் தைப்பதும் கழுவுவதும் பெரும்பாலும் ஓர் ஊழியரின் வேலை. அவர் பல இடங்களில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர், சாதியால் தலித். தைத்து முடித்ததும் அவருக்குக் கொஞ்சம் பணம் தர வேண்டியிருக்கும். அது லஞ்சம்தான். ஆனால் அந்த வேலைக்கென்று தனிப் பதவியோ தகுந்த சம்பளமோ தராமல், துணியையும் கையுறையையும்கூட வாங்கி வைக்காமல் இருந்துவிட்டு அவரை மட்டும் திருடன் என்று சொல்வது நியாயமாகாது. அரசு வாங்கித் தராததைத்தான் வீட்டார் வாங்கித் தருகிறார்கள்.

சட்டப்படி பிரேதப் பரிசோதனைக்குக் கட்டணம் கிடையாது. செலவு என்னவோ இருக்கிறது, பல இடங்களில் பிரிந்து கிடக்கிறது. போலீஸ் உள்துறையின் கீழ் வருகிறது. திருப்பதி ரூயா மருத்துவமனையும், 1960இல் தொடங்கிய எஸ்.வி. மருத்துவக் கல்லூரியின் தடய மருத்துவத் துறையும் மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழ் இருக்கின்றன. மாவட்ட, வட்டார மருத்துவமனைகளுக்கு வேறொரு இயக்குநரகம். குடலும் ஈரலும் ஜாடியில் அடைத்துப் போகும் திருப்பதி வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் மறுபடி உள்துறைக்குக் கீழே. தாசில்தார் வருவாய்த்துறை. கேட்பாரற்ற உடலைக் கடைசியில் புதைப்பது நகராட்சியோ ஊராட்சியோ. ஒவ்வொருவரும் தன் பங்கைச் செய்து அடுத்தவரிடம் தள்ளுகிறார்கள், தள்ளும் நேரத்தில் ஆகும் செலவுக்கு மட்டும் சொந்தக்காரர் இல்லை.

இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஆந்திரத்தில் அரசு மருத்துவமனைகளின் சில்லறைத் தேவைகளை மருத்துவமனை அபிவிருத்திச் சங்கம் கவனிக்கிறது. அதன் வரவில் ஒரு பகுதி, முன்பு ஆரோக்கியஸ்ரீ என்றிருந்து இப்போது என்.டி.ஆர். வைத்திய சேவை ஆகியிருக்கும் காப்பீட்டுத் திட்டத்திலிருந்து வருகிறது. மூட்டு மாற்றினால் பணம் வரும், இதய அடைப்பை நீக்கினால் பணம் வரும். பிரேதப் பரிசோதனைக்குத் தொகுப்புத் தொகை எதுவும் இல்லை. சம்பாதித்துக் கொடுக்கும் பிரிவுக்கு ஏ.சி. வரும்போது பிணவறைக் குளிர்பெட்டி பழுதாகிக் கிடந்தால், அதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. பணம் வரும் வழி அப்படி அமைந்திருக்கிறது.

இதில் உள்ளாட்சியின் இடம் எது? அரசியலமைப்புச் சட்டத்தின் 12ஆவது அட்டவணை நகராட்சிகளுக்கு 18 பணிகளைப் பட்டியலிடுகிறது. அதில் இடுகாடும் சுடுகாடும் மின்தகன மேடையும் உண்டு, பிறப்பு இறப்புப் பதிவும் உண்டு. ஊராட்சிகளுக்கான 11ஆவது அட்டவணையில் மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாம் சேர்ந்த சுகாதாரம் இருக்கிறது. காவல்துறை மாநிலப் பட்டியலில் தனியாக நிற்கிறது. ஆக, செத்தவர் பெயரைப் பதிவேட்டில் எழுதுவதும் உடலைச் சுடுகாட்டில் ஏற்றுக்கொள்வதும் உள்ளாட்சியின் பொறுப்பு. நடுவில் வரும் கேள்வி, அதாவது அவர் எதனால் இறந்தார் என்பது, உள்ளாட்சியின் பொறுப்பில் இல்லை. சித்தூர் மாநகராட்சியின் பதிவேட்டில் ஒரு சாவு ஏறும்போது காரணம் என்ற கட்டத்தை நிரப்ப வேண்டியவர் வேறெங்கோ இருக்கிறார். இந்திய அளவில் 2020இல் பதிவான சாவுகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்று கொடுத்தவை 22.5 சதவீதம்தான். மற்றவர்கள் எதனால் போனார்கள் என்று சொல்லத் தகுந்த மருத்துவச் சான்று நம்மிடம் இல்லை.

15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கு ரூ. 70,051 கோடி மானியம் பரிந்துரைத்தது. உள்ளாட்சிகளை நம்பி இவ்வளவு பெரிய தொகையைச் சுகாதாரத்துக்குக் கொடுத்தது அதுவே முதல் முறை. துணை சுகாதார நிலையக் கட்டடம், பரிசோதனைக் கூடம், வட்டார அளவில் பொது சுகாதார அலகு, நகர்ப்புற நலவாழ்வு மையம் என்று அது பிரித்துக் கொடுத்த தலைப்புகளில் பிணவறை இல்லை. நோயைக் கண்டறிய உள்ளாட்சி வேண்டும் என்று ஒப்புக்கொண்டவர்கள், சாவின் காரணத்தைக் கண்டறிவதும் பொதுச் சுகாதாரம்தான் என்பதை ஏன் விட்டார்கள்? அந்த ஊரில் எந்தப் பூச்சிமருந்து ஆளைக் கொல்கிறது, எந்தச் சாலை வளைவில் லாரி கவிழ்கிறது என்பதெல்லாம் முதலில் தெரியவருவது பிணவறையில்தான்.

ஒரு காலத்தில் இந்த வேலை ஊருக்குள்ளேயே நடந்தது. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் சென்னை, பம்பாய் மாகாணங்களுக்கு மட்டும் ஒரு விலக்குக் கொடுத்திருந்தது. இங்கே திடீர்ச் சாவுகளைக் கிராமத் தலைவரே விசாரித்து மாஜிஸ்திரேட்டுக்கு எழுதலாம். சித்தூர் அப்போது வடஆற்காடு மாவட்டத்தின் தலைநகர், 1911இல்தான் தனி மாவட்டம் ஆனது. கிணற்றில் விழுந்து செத்தவரையும் பாம்பு கடித்துச் செத்தவரையும் கிராம முன்சீப் பார்த்து எழுதிய காலம் அது. அவர் ஊர்ப் பெரிய சாதிக்காரர், பரம்பரைப் பதவி, ஊர் வழக்கில் அவருக்கும் பங்கு இருக்கும். யார் சாவை விசாரிக்கலாம், யார் சாவை மூடலாம் என்பதும் அவர் கையில் இருந்தது. அந்த முறை திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். தமிழகத்தில் 1980இலும் ஆந்திரத்தில் 1984இலும் பரம்பரைக் கிராம அதிகாரிகள் ஒழிந்தது நல்லதுதான். ஆனால் அவர்கள் போன பிறகு, சாவு விசாரணையில் ஊருக்கு இருந்த பொறுப்பும் போய் முழுக்கப் போலீஸிடம் சேர்ந்தது. 2019 அக்டோபரில் வந்த கிராம சசிவாலயங்களில் பல வகை ஊழியர்கள் இருக்கிறார்கள், இந்த வேலைக்கென்று ஒருவரும் இல்லை.

சென்னை நகரத்துக்கு மட்டும் வேறு ஏற்பாடு இருந்தது. 1871ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று நகரங்களிலும் கொரோனர் என்ற அதிகாரி ஜூரிகளை உட்காரவைத்து மரண விசாரணை நடத்தினார். சென்னையில் 1889இலேயே அந்தப் பதவியை எடுத்துவிட்டார்கள். மும்பையில் 1999 வரை நீடித்தது. போலீஸ் அல்லாத ஒருவர், வெளிப்படையாக, இறந்தவரின் வீட்டார் முன்னிலையில் விசாரிப்பதுதான் அந்தப் பதவியின் பலம்.

கொரோனர் பிறந்த இங்கிலாந்தில் செலவை உள்ளாட்சி ஏற்கிறது. அந்த அனுபவத்தில் நமக்கு நல்ல பாடமும் உண்டு, கசப்பான பாடமும் உண்டு. 1836இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. விசாரணையில் சாட்சி சொல்லும் டாக்டருக்கு ஒரு கினி, உடலைத் திறந்து பார்த்துச் சொன்னால் இரண்டு கினி என்று அது விதித்தது. அறிவுக்கு விலை கொடுக்க வேண்டும் என்று ஒரு நாடு முதலில் ஒப்புக்கொண்ட தருணங்களில் அது ஒன்று. ஆனால் கொரோனருக்கு விசாரணைக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தது கவுண்டி நீதிபதிகள். இந்தச் சாவுக்கு விசாரணை தேவைப்படவில்லை, காசு தர முடியாது என்று அவர்கள் பில்லைத் திருப்பி அனுப்பினார்கள். கொரோனர்கள் பயந்து விசாரணைகளைக் குறைத்தார்கள். 1860இல் சட்டம் மாறி அவர்களுக்குச் சம்பளம் வந்த பிறகே அந்த நெருக்கடி தீர்ந்தது. 1888இல் நியமனமும் செலவும் கவுண்டி கவுன்சில்களுக்குப் போயின. இன்றும் கொரோனரின் சம்பளம், பிணவறை, நோய்க்கூறியல் டாக்டரின் கட்டணம் எல்லாம் பெரும்பாலும் கவுன்சிலின் பட்ஜெட்தான். பணமுள்ள கவுன்சிலில் விசாரணை ஒழுங்காக நடக்கிறது, இல்லாத கவுன்சிலில் வீட்டார் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். 2003இல் லூஸ் குழுவும் 2021இல் நாடாளுமன்றத்தின் நீதிக் குழுவும் நாடு முழுதும் ஒரே அமைப்பு வேண்டும் என்றன. அரசு ஏற்கவில்லை.

அங்கிருந்து நான் எடுத்துக்கொள்வது இதைத்தான்: உடலைப் பாதுகாக்க, கொண்டுபோக, வீட்டாருக்கு உட்கார இடம் தர உள்ளூர்ப் பணம் நல்லது, வேகமாகக் கிடைக்கும். இந்தச் சாவை விசாரிக்கலாமா வேண்டாமா என்ற முடிவு மட்டும் அந்தப் பணத்தை வைத்திருப்பவர் கைக்குப் போகக் கூடாது.

பணம் வராவிட்டால் என்ன ஆகும் என்பது பக்கத்து நாட்டுத் தமிழர்களுக்குத் தெரியும். இலங்கையில் ஊருக்கு ஊர் திடீர் மரண விசாரணை அதிகாரிகள் இருக்கிறார்கள், நீதி அமைச்சின் கீழ் நியமிக்கப்பட்டவர்கள். யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் அவர்கள் பெயர் வராத நாள் குறைவு. வழக்கமான சாவுகளில் அந்த ஏற்பாடு எப்படியோ நடந்துவிடுகிறது. 2023 ஜூன் இறுதியில் முல்லைத்தீவு மாவட்டம் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எலும்புகள் வந்தன. நீதிமன்றம் அகழ்வுக்கு உத்தரவிட்டது, நிபுணர்களும் தயார். பிறகு நிதி இல்லை என்று வேலை மாதக்கணக்கில் நின்றது. மாவட்டச் செயலகம் மூலம் பணம் வர வேண்டும், அது வந்து சேரவில்லை. 2024 ஜூலையில் மூன்றாம் கட்டம் முடிந்தபோது 52 பேரின் எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டிருந்தன. காணாமல்போன பிள்ளையின் சட்டைத்துண்டைத் தேடி வந்த தாய்மார்கள் ஒரு நிதி ஒதுக்கீட்டுக் கடிதத்துக்காகக் காத்திருந்தார்கள். சிங்கப்பூரில் வேறு மாதிரி. 2013 டிசம்பர் 8ஆம் தேதி லிட்டில் இந்தியாவில் பஸ்ஸில் சிக்கி இறந்த தமிழகத் தொழிலாளியின் சாவை, நாட்டுச் செலவில் இயங்கும் மரண விசாரணை நீதிமன்றம் பகிரங்கமாக விசாரித்து, மறு ஆண்டு பிப்ரவரியில் விபத்து என்று தீர்ப்புச் சொன்னது. அந்த ஊருக்கு வேலைக்கு வந்த வெளிநாட்டு மனிதர் அவர்.

திருப்பதிக்கு வருவோம். இது வெளியூர்க்காரர்களின் ஊர். திருமலைக்கு நாளொன்றுக்கு 60, 70 ஆயிரம் பேர் வருகிறார்கள். வயதானவர்கள் படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள், குளத்தில் வழுக்குகிறார்கள், ரயிலில் அடிபடுகிறார்கள். யாரும் இல்லாமல் வந்து யாரும் இல்லாமல் இறப்பவர்களும் உண்டு. இத்தனை பேரின் சாவையும் திருப்பதி என்ற ஒரு நகரம் தாங்க வேண்டியிருக்கிறது. மாநகராட்சியின் வரிப்பணம் உள்ளூர்க்காரர்கள் கட்டுவது. இறப்பவர் மதுரையிலிருந்தோ நாக்பூரிலிருந்தோ வந்தவராக இருக்கலாம்.

நெருக்கடி வரும்போது இந்த ஏற்பாட்டின் ஓட்டைகள் வெளியே தெரிகின்றன. 2021 மே மாதம் கொரோனா இரண்டாம் அலையில் ரூயா பிணவறை நிரம்பி வழிந்தது. கேட்பாரற்ற உடல்களை அப்போதைய எம்.எல்.ஏ. பூமன கருணாகர ரெட்டியும் முஸ்லிம் தன்னார்வலர்களும் கோவிந்ததாமம் மயானத்தில் முன்னின்று தகனம் செய்தார்கள். கை கூப்ப வேண்டிய செயல் அது. ஆனால் அரசு தன் கணக்கில் செய்ய வேண்டியதை ஊர்க்காரர்களின் இரக்கம் செய்தது என்பதையும் அதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மறு ஆண்டு ஏப்ரலில் அதே மருத்துவமனையில் பத்து வயதுப் பையன் ஒருவன் சிறுநீரகக் கோளாறால் இறந்தான். ஊருக்குக் கொண்டுபோகத் தனியார் ஆம்புலன்ஸ்காரர்கள் கேட்ட பல ஆயிரம் ரூபாயைக் கொடுக்க வழியில்லாமல், பழத்தோட்டத்தில் கூலி வேலை பார்த்த அப்பா மகனைத் தோளில் சாய்த்துக்கொண்டு பைக்கில் சுமார் 90 கிலோமீட்டர் போனார். நாடே பார்த்தது. அரசிடம் மகாபிரஸ்தானம் என்ற இலவச அமரர் ஊர்தித் திட்டம் இருந்தது, அந்த நேரத்துக்கு வண்டி கிடைக்கவில்லை. அதிகாரி ஒருவர் சஸ்பெண்ட் ஆனார், ஓட்டுநர்கள் கைதானார்கள். கைது தேவைதான். ஆனால் இரவு நேரத்துக்கும் சேர்த்து ஓட்டுநர் சம்பளமும் டீசலும் ஒதுக்கியிருந்தால் அந்தத் தனியார் ஆம்புலன்ஸ்காரர்களுக்கு அங்கே வேலையே இருந்திருக்காது.

2025 ஜனவரி 8ஆம் தேதி வைகுண்ட துவார தரிசன டோக்கனுக்காகப் பைராகிப்பட்டடையில் கூடிய கூட்டம் நெரிந்து ஆறு பேர் இறந்தார்கள், தமிழகத்திலிருந்து வந்தவரும் அதில் உண்டு. அன்று எல்லாமே நடந்தது. அமைச்சர்கள் வந்தார்கள், பரிசோதனை உடனே முடிந்தது, குடும்பத்துக்கு ரூ. 25 லட்சம் அறிவித்தார்கள், ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் விசாரணைக் கமிஷனும் அமைந்தது. பெரிய சாவுக்கு நம்மிடம் பணம் இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. அதற்கு முந்தைய வாரம் அதே ஊரில் தனியாக இறந்த ஒரு முதியவரைப் பற்றி அப்படி எந்தக் கோப்பும் இருக்காது.

திருமலைக் கோயிலை நிர்வகிக்கும் தேவஸ்தானத்தின் 2025-26 பட்ஜெட் ரூ. 5,258 கோடி. ஸ்விம்ஸ், பர்டு மருத்துவமனைகள் அந்தப் பணத்தில் வளர்ந்தவை, ஏழைகளுக்கு நல்லது செய்பவை. 2023 அக்டோபரில் அறங்காவலர் குழு பட்ஜெட்டில் ஒரு சதவீதத்தைத் திருப்பதி நகர வளர்ச்சிக்கு ஒதுக்கத் தீர்மானித்தது. பக்தர்கள் உண்டியலில் போட்ட காசை நகரச் சாலைக்குச் செலவிடலாமா என்று எதிர்ப்பு எழுந்தது, மாநில அரசும் ஏற்கவில்லை. அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் யாத்திரை வந்த இடத்தில் இறந்த பக்தரின் உடலைக் குளிர்பெட்டியில் வைத்து, அவர் பிள்ளைகள் வரும் வரை காத்து, ஊருக்கு அனுப்பிவைக்கும் செலவு நகரச் சாலைச் செலவல்ல. பக்தர் காணிக்கை பக்தருக்கே போகிறது. பிணவறைக்கும் வண்டிக்கும் என்று எல்லை வகுத்து ஒரு நிதி வைத்தால் யாரும் ஆட்சேபிக்க இடமிருக்காது.

காணிக்கைப் பணம் உடலைக் காக்கலாம், விசாரணைக்குள் வரக் கூடாது. நெரிசலில் இறந்தவர்களின் சாவில் தேவஸ்தானமே பதில் சொல்ல வேண்டிய தரப்பாக இருந்தது. காவல்துறைக்கும் இதே விதி பொருந்தும் என்பதைச் சேஷாசலக் காட்டில் நடந்த சம்பவம் காட்டியது. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சந்திரகிரி அருகே காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி 20 தமிழகத் தொழிலாளர்களை ஆந்திர அதிரடிப்படை சுட்டுக் கொன்றது. பஞ்சநாமா எழுதியது ஆந்திரப் போலீஸ், பரிசோதனை நடந்தது திருப்பதியில். உறவினர்கள் அந்த முடிவை நம்பவில்லை. சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள், பிறகு ஹைதராபாத் உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். கடைசியில் ஹைதராபாத்திலிருந்து வந்த டாக்டர்கள் திருவண்ணாமலை அரசு மருத்துவமனையில் ஆறு உடல்களை மறுபடி திறந்து பார்த்தார்கள். சாவு விசாரணை கொலை செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களின் துறையிலேயே தொடங்குவதுதான் நம் ஏற்பாடு என்பதால், அந்தக் குடும்பங்கள் நீதிமன்றப் படியேறித்தான் இரண்டாவது கருத்தை வாங்க முடிந்தது. முதல் பரிசோதனையே எல்லோரும் நம்பும்படி இருந்திருந்தால் இது எதுவும் தேவைப்பட்டிருக்காது.

மாநில எல்லையால் வரும் இன்னொரு அவதியைச் சித்தூர்க்காரர்கள் நன்றாக அறிவார்கள். பெங்களூரு - சென்னை நெடுஞ்சாலையில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடுவது பெரும்பாலும் வேலூர் சி.எம்.சி.க்குத்தான். சித்தூரிலிருந்து 35 கிலோமீட்டர்தான், உயிர் பிழைக்க அங்கேதான் வாய்ப்பு. அங்கே இறந்துவிட்டால் சிக்கல் தொடங்கும். விபத்து நடந்தது ஆந்திரம், சாவு நடந்தது தமிழ்நாடு. வேலூர்ப் போலீஸ் தகவல் அனுப்பி, சித்தூர்ப் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்து, பஞ்சநாமாவைத் தெலுங்கில் எழுதி, உடல் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போய், பரிசோதனை முடிந்து, மறுபடி எல்லை தாண்ட வேண்டும். ஏட்டுக்கு வேறு பந்தோபஸ்து இருந்தால் ஒரு நாள் போய்விடும். இரண்டு பக்கமும் தமிழும் தெலுங்கும் பேசுகிற அதே சொந்தபந்தங்கள்தான் அதுவரை மருத்துவமனை மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு மாவட்ட நிர்வாகங்கள் உட்கார்ந்து பேசினால் தீர்கிற விஷயம் இது, பெரிய பணமும் தேவையில்லை.

2022 ஏப்ரல் 4ஆம் தேதி திருப்பதி தனி மாவட்டம் ஆனதிலிருந்து சித்தூரின் நிலைமை இன்னும் இறுகியிருக்கிறது. பழைய அரசு மருத்துவக் கல்லூரியும் தடய மருத்துவ நிபுணர்களும் திருப்பதிப் பக்கம் போனார்கள். சித்தூருக்கு மாவட்ட மருத்துவமனையும், பலமனேர், புங்கனூர், குப்பம் போன்ற ஊர் மருத்துவமனைகளும் மிஞ்சின. அங்கே பரிசோதனை செய்பவர் தடய மருத்துவம் படித்தவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை, காலையில் காய்ச்சல் நோயாளிகளைப் பார்த்த அதே டாக்டர் மதியம் உடலைப் பார்ப்பார். அவர் எழுதும் இரண்டு பக்கத்தை நம்பி எத்தனையோ காரியங்கள் நிற்கின்றன. ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டிய பிரதமர் விபத்துக் காப்பீட்டில் ரூ. 2 லட்சம், அடித்துவிட்டு ஓடிய வண்டிக்கான நிவாரணம் ரூ. 2 லட்சம், யானை மிதித்துச் செத்த விவசாயிக்கு வனத்துறை தரும் தொகை எல்லாமே அந்தக் காகிதத்தைக் கேட்கும். குழப்பமாக எழுதிய ஒரு வரிக்காக விதவை ஒருத்தி வருடக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். டாக்டருக்குப் பயிற்சி தருவதற்கு ஆகும் செலவு அந்த அலைச்சலோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

என்ன செய்யலாம்? இங்கிலாந்துக் கொரோனரைத் தூக்கி வந்து சித்தூரில் உட்காரவைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. டாக்டர், ஆய்வகம், விசாரணை மாஜிஸ்திரேட் ஆகியோரின் செலவு மாநிலத்தின் பொறுப்பாகவே இருக்கட்டும், ஆனால் தடய ஆய்வகம் உள்துறையின் பிடியிலிருந்து வெளியே வரட்டும். வண்டி, குளிர்பெட்டி, துணி, கையுறை, பிணவறை ஊழியரின் நிரந்தரச் சம்பளம், வீட்டார் உட்கார நிழல், ஆளில்லாத உடலுக்குக் கண்ணியமான அடக்கம் ஆகியவை மாவட்ட அளவில் ஒரே தலைப்பின் கீழ் வரட்டும். மாநகராட்சி, நகராட்சி, ஜில்லா பரிஷத் மூன்றும் பங்கு போடலாம், அடுத்த நிதிக்குழு மானியத்திலிருந்து ஒரு பகுதியை மாநிலம் அதற்கென்று குறித்துக் கொடுக்கலாம். செத்த உடலுக்கும் கண்ணியம் உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 1995இலேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் ஏற்றுக்கொண்டது. அந்த உரிமைக்குச் செலவுத் தலைப்பு ஒன்றை நாம் இன்னும் திறக்கவில்லை. செலவு செய்த கணக்கை ஆண்டுதோறும் ஊர் பார்க்கும்படி வைத்தால், எந்த மருத்துவமனையில் வீட்டாரிடம் துணி கேட்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால் விளக்கிலிருந்து தொடங்கலாம். சூரியன் மறைந்த பிறகு பரிசோதனை கூடாது என்ற பழைய வழக்கத்தை 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் தளர்த்தியது. கொலை, தற்கொலை, பாலியல் வன்முறை, அழுகிய உடல் போன்றவை தவிர மற்றவற்றை, வசதியுள்ள மருத்துவமனையில் இரவிலும் செய்யலாம். வசதி என்றால் நல்ல வெளிச்சம், ஜெனரேட்டர், வீடியோ கேமரா, இரவுப் பணிக்கு ஓர் ஊழியர். குப்பத்தில் மாலை ஐந்து மணிக்கு விபத்தில் இறந்த ஒருவரை அடுத்த நாள் மதியம் வரை வைத்திருப்பதா, அன்று இரவே வீட்டாரிடம் கொடுப்பதா என்பது இந்த நான்கும் அங்கே இருப்பதைப் பொறுத்தது. நான்கையும் ஏற்பாடு செய்ய ஒரு நகராட்சியின் ஒரு வருட பட்ஜெட்டிலேயே இடம் காணலாம், அதற்குரிய தீர்மானத்தை எந்தக் கவுன்சிலரும் அடுத்த கூட்டத்திலேயே கொண்டுவரலாம்.